காலிறுதிப் பெரியம்மா

என் டென்னிஸ் வாழ்க்கை ஒரே ஒரு சாயங்காலம் நீடித்தது. காரைக்காலில் அதிகாரிகள் ஆடுவதற்கென்று ஒரு மைதானம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போட்டுவிட்டுப் போன கோடுகளின் மேலேயே வருஷா வருஷம் சுண்ணாம்பு பூசி அதைக் காப்பாற்றி வந்தார்கள். நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கடைநிலை குமாஸ்தா. டென்னிஸ் பற்றி ஆபீசில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பாவத்துக்கு, நாலாவது ஆள் வராத ஒருநாள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். யாரோ கொடுத்த மட்டையைப் பிடித்து, பத்திரிகையில் படித்தபடியே பந்தை உயரத் தூக்கிப் போட்டு, முதுகை வில்லாக வளைத்து, உள்ள பலமெல்லாம் சேர்த்து அடித்தேன். பந்து வலையைத் தாண்டவில்லை. வலைக்குப் பக்கத்தில் நின்றிருந்த என் மேலதிகாரியின் பிடரியில் போய் விழுந்தது. எதிராளியாக இருந்திருந்தாலாவது ஆட்டம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் என் கட்சி ஆட்டக்காரர்.

மறுநாளிலிருந்து எனக்குப் பழைய கோப்புகள் அடுக்கிவைக்கும் அறையில் வேலை. கரப்பான்பூச்சிகளைத் தவிர யாரும் வராத அந்த அறையில், சென்னையிலிருந்து பஸ்ஸில் ஒருநாள் தாமதமாக வரும் விளையாட்டு வாரப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிக்க முடிந்தது. அப்படித்தான் அவளைக் கண்டுபிடித்தேன். செக்கோஸ்லோவாக்கியாவில் ஏதோ ஒரு சின்ன ஊர். தொழிற்சாலைச் சுவரில் பந்தடித்துப் பழகியவள். பதினாறு வயதில் ஒரு பெரிய ஆட்டக்காரியைத் தோற்கடித்து, வருங்கால ராணி என்று பெயர் வாங்கிவிட்டாள். வருங்காலம் என்ற பட்டம் ஆளை எப்படிக் கவிழ்க்கும் என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் கணக்கில் முதல் மார்க் வாங்கியபோது என்னையும் வருங்காலக் கலெக்டர் என்றுதான் எங்கள் ஊர்ப்பகுதியான தலத்தெருவில் சொன்னார்கள்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த ஊர்ப் பெண்களின் பெயரெல்லாம் "வா" என்று முடிந்து, யாரையோ வீட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

அவள் ஆட்டத்தின் விசேஷம் இதுதான். முதல் சுற்று, இரண்டாம் சுற்று எல்லாவற்றிலும் புயல் மாதிரி அடிப்பாள். காலிறுதி வரும். அதிலும் முன்னிலையில் இருப்பாள். இன்னும் நாலைந்து புள்ளி எடுத்தால் போதும் என்ற இடத்தில் கை நடுங்கி, தொடக்க அடி இரண்டையும் அடுத்தடுத்து வெளியே போடுவாள். டபுள் ஃபால்ட். அங்கிருந்து சரிந்து, தோற்று, சிரித்த முகமாகக் கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவாள். லண்டன் புல்தரையாக இருந்தாலும் பாரிஸ் செம்மண்ணாக இருந்தாலும் காலிறுதிதான் அவளுக்கு எல்லைக்கல். அவளைவிடப் பெரிய ஆட்டக்காரிகள் அவள் நாட்டிலேயே இருந்தார்கள். கோப்பைகளை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வேண்டியவள் இவள்தான்.

காரணம் இருந்தது. எனக்குப் பார்த்த பெண்களும் காலிறுதி வரைதான் வந்தார்கள். ஜாதகம் பொருந்தும், பேச்சு முடியும், தட்டு மாற்ற நாள் குறிப்பார்கள். அப்புறம் "மாப்பிள்ளைக்கு ஆபீசுல எந்த ஸெக்ஷன்?" என்று யாராவது விசாரிப்பார்கள். கோப்பறை என்று தெரிந்ததும் பெண்ணுக்குத் திடீரென்று மேற்படிப்பு ஆசை வந்துவிடும்.

அந்தச் சமயத்தில் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் அவளுடைய வண்ணப்படம் வந்தது. ஒரு கையில் மட்டை தொங்க, மறு கையில் பூங்கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். சட்டம் போட்டு மாட்டப் போகிறேன் என்று அம்மாவிடம் காட்டினேன். அப்பா போன பிறகு வீட்டின் மானம் மரியாதையெல்லாம் அம்மாவின் பொறுப்பு. படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மொகம் லெச்சணமாத்தான் இருக்கு. தொடை தெரியுதேடா. நடு வீட்டுல இத மாட்டுனா வெளக்கேத்துறது எப்படி?"

கண்ணாடிக் கடைக்காரரிடம் சொல்லி இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டோம். காலோடு மட்டையும் போயிற்று. மிச்சமிருந்தது, வெள்ளை மேலாடையில் பூங்கொத்தோடு சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண். கடைக்காரர் குடும்பப் படத்துக்குப் போடுகிற ஜரிகைக் காகித ஓரத்தை இதற்கும் ஒட்டிக் கொடுத்தார். சுவரில் ஆணி இருந்த ஒரே இடம் பெரியப்பாவுக்குப் பக்கத்தில். பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சைகோனில் சண்டை போட்டுவிட்டு அப்படியே பிரான்சுக்குப் போய்த் தங்கிவிட்ட கட்டைப் பிரம்மச்சாரி. பட்டாள உடுப்பில் அவருடைய படம், பக்கத்தில் அதே அளவில் இவள். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா முருகனில் ஆரம்பித்து மகாலட்சுமி, பெரியப்பா என்று வரிசையாகக் குங்குமம் வைத்துக்கொண்டே போவாள். கடைசியில் இருப்பவளை மட்டும் விட்டால் நன்றாக இருக்காதென்று அவளுக்கும் ஒரு பொட்டு.

அந்த வருஷம்தான் அம்பகரத்தூரில் பெண் பார்த்தோம். நெல் விவசாயக் குடும்பம். பெண்ணின் அப்பா வாயில்லாப் பூச்சி. தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். ஆள் கட்டை குட்டையாக, பேசும்போது துண்டைத் தோளில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக்கொண்டே இருப்பார்.

"ஏதாச்சும் கேக்கணும்னா கேளுங்க தம்பி. நாங்க ஒண்ணும் பழைய காலத்து ஆளுங்க இல்ல" என்றார்.

இந்த மாதிரி சமயத்தில் மற்றவர்கள் சமையல் தெரியுமா, பாட்டுத் தெரியுமா என்று கேட்பார்கள். நான் "டென்னிஸ் பிடிக்குமா?" என்று கேட்டுவிட்டேன். எனக்குத் துணையாக வந்திருந்த அத்தை, அப்பாவின் தமக்கை, என் தொடையில் கிள்ளினாள்.

பெண் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "செஞ்சு பாத்ததில்லீங்க."

எல்லோரும் பாவம் பட்டிக்காட்டுப் பெண் என்று சிரித்தார்கள். எனக்கு மட்டும் அவளுடைய உதட்டோரம் தெரிந்தது. அது தெரியாமல் சொன்ன பதிலில்லை. என்னை எடைபோட்டு, சரியான இடத்தில் ஒரு தட்டுத் தட்டியிருக்கிறாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று பஸ் ஏறும் முன்பே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்ததும் கை நடுங்க ஆரம்பித்தது. இதுவும் காலிறுதியில் போய்விட்டால்?

மாப்பிள்ளை வீடு பார்க்க அவர்கள் தலத்தெருவுக்கு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பார்ப்பது என்றால் பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும் வருவதல்ல. பெண்ணின் மாமா ஒரு வேன் பிடித்து, தெருக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நாளைக்கு ஏதாவது குறை வந்தால் "நீயுந்தானே பாத்த?" என்று சொல்ல ஆள் வேண்டுமே. கிணற்றில் வாளி விட்டுப் பார்த்தார்கள். கூரையில் ஓடு எண்ணினார்கள். ஒருவர் என் அலமாரிக் கதவைத் திறந்து பனியன்களைப் பார்த்துத் திருப்தியடைந்தார். மாமா சுவரோரமாக நடந்துவந்து பெரியப்பா முன்னால் நின்றார்.

"இது யாருங்க?"

"எங்க அண்ணங்க. சொல்தா. பிரான்சுல இருக்காரு" என்றாள் அத்தை.

மாமாவின் துண்டு தோள் மாறியது. பிரான்சிலிருந்து ஒரு குடை வந்த வீட்டுக்கே காரைக்காலில் தனி மரியாதை. ஆளே இருக்கிறார் என்றால் கேட்க வேண்டாம். அடுத்த படத்துக்கு நகர்ந்தார். பொட்டு வைத்த வெள்ளைக்காரி பூங்கொத்தோடு சிரித்தாள்.

"வெள்ளக்காரவங்களக் கட்டியிருக்காருங்களா?"

அத்தை அப்போதுதான் வெற்றிலை போட்டிருந்தாள். வாய் நிறையச் சாறு. துப்பினால் சம்பந்தி வேட்டியில் விழும்.

"ம்" என்றாள்.

அவ்வளவுதான். "இந்தப் பெரியம்மாவப் பாரேன்!" என்று வேன் முழுவதும் அந்தப் படத்தின் முன்னால் கூடிவிட்டது. நான் வாயைத் திறந்தேன். அம்மா கையிலிருந்த ஒரு முழு வாழைப்பழத்தை அதில் வைத்தாள். கோப்பறை பற்றி அன்றைக்கு ஒருவரும் விசாரிக்கவில்லை.

வேன் போனதும் அத்தையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் அத்தை பொய் சொன்ன?"

"நான் எங்கடா சொன்னேன்? வெத்தலதானே போட்டிருந்தேன்? அந்தாளாக் கேட்டான், அந்தாளா முடிவு பண்ணிக்கிட்டான். போயி நீ சொல்லு, இது யாரோ பந்தடிக்கிற பொண்ணு, நான் பாத்துப் பாத்துப் பூரிச்சுப் போறேன்னு. நாளைக்கே பொண்ணு குடுப்பான்."

அத்தை சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. பெரியம்மா என்றால் கல்யாணம். பெரியம்மா இல்லை என்றால் நான் கோப்பறையில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைக்காரி படம் மாட்டிய முப்பது வயதுக்காரன்.

ஆனி மாதத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுத நானும் அத்தையும் அம்பகரத்தூர் போனோம். பெண் வீட்டுக்கு அடுத்த வாசலான மாமா வீட்டில் புதிதாக டிவி வாங்கியிருந்தார்கள். தென்னை உயரத்துக்கு இரும்புக் குழாயை நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பிவைத்தால் இலங்கைத் தொலைக்காட்சி தெளிவாக விழும். டில்லியை நம்பியிருந்தால் கொசு பறப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விளக்கு வைக்கும் நேரத்துக்கெல்லாம் கூடம் முழுக்கத் தெரு உட்கார்ந்திருந்தது.

மாமா எங்களை ஓரமாகப் பாயில் உட்காரவைத்தார்.

"பெரியம்மா பேரு என்னாங்க? பத்திரிகையில கொட்ட எழுத்துல போட்டுருவோம்."

"அது நம்ம வாய்க்கு வராதுங்க" என்றாள் அத்தை.

"வாய்க்கு எதுக்குங்க வரணும்? அச்சுக்கு வந்தாப் போதும். மாப்ளய எழுதித் தரச் சொல்லுங்க."

நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதத் தெரியாதவன் போல அதன் முனையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அப்போது டிவியில் பாட்டு முடிந்து பச்சைப் புல் தெரிந்தது. லண்டன் ஆட்டம். கூடம் அலுத்துக்கொண்டது. கேமரா ஒரு முகத்துக்குக் கிட்டப் போனது.

அவள்தான்.

படத்தில் இருந்த அதே முகம், அதே வெள்ளை மேலாடை. பொட்டு மட்டும் இல்லை. கூடவே, நாங்கள் வெட்டிப் போட்டிருந்த கீழ்ப்பாதியும் முழுசாக வந்திருந்தது.

எதிர் வீட்டுக்காரர் வேனில் வந்தவர். படத்தை ரொம்ப நேரம் பார்த்தவர். "என்னாங்க இது! நம்ம சம்பந்தி வீட்டுப் பெரியம்மால்ல?" என்றார்.

தெரு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. அத்தை அவசரமாக வெற்றிலையைத் தேடினாள். காப்பித் தட்டோடு வந்த பெண் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். மாமா டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாப்ள, கொஞ்சம் கொல்லைக்கு வாங்க."

மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றோம். என் கல்யாணம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது. அந்த நிலையிலும் என் ஒரு காது கூடத்தில்தான் இருந்தது. அது காலிறுதி. அவள் முன்னிலையில் இருந்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. அந்தம்மா யாரு?"

சொன்னேன். பெரியம்மா இல்லை, பெரியப்பாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை, அவள் டென்னிஸ் ஆடுகிறவள், நான் பத்திரிகையிலிருந்து வெட்டி மாட்டினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என்னா வயசு?"

"இருவத்தி மூணுங்க."

"ஒங்க பெரியப்பாவுக்கு?"

"அறுவது தாண்டிருச்சு."

"ஊரு?"

"செக்கோஸ்லோவாக்கியா."

"அது பிரான்சுல எந்தப் பக்கம்?"

"பிரான்சுலயே இல்லீங்க."

இதுவரை தாங்கிய மனிதர் இதைக் கேட்டதும்தான் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். பெரியம்மா பொய் என்பதைக்கூட அவரால் விழுங்க முடிந்தது. பிரான்ஸ் பொய் என்பது தொண்டையில் நின்றது. மாடு ஒன்று அவருடைய துண்டின் நுனியை மெல்ல ஆரம்பித்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"இத யாருகிட்டயெல்லாம் சொல்லியிருக்கீங்க?"

"ஒங்ககிட்ட மட்டுந்தான்."

"நான் கூட்டுறவு பேங்க்குல சொல்லிட்டேன். கோயில்ல சொல்லிட்டேன். எம் பங்காளி வீட்டுல, பேச்சு வார்த்த இல்லாதவன், அவன் காதுல விழுவுற மாதிரிச் சொல்லிட்டேன். இப்ப கல்யாணத்த நிறுத்துனா ஏன் நிறுத்துனன்னு கேப்பானா மாட்டானா?"

"கேப்பாருங்க."

"பின்ன?" துண்டை மாட்டின் வாயிலிருந்து பிடுங்கி, ஈரத்தோடு தோளில் போட்டுக்கொண்டார். "வாங்க உள்ள. நீங்க வாயத் தொறக்காதீங்க."

கூடத்தில் நுழைந்தவர், டிவிக்கும் தெருவுக்கும் நடுவில் நின்றார்.

"ஆமா. அவங்கதான். டென்னிஸ் ஆடுறாங்க. சம்பந்தி வீட்டுல பெருமையடிக்க வேணாம்னு சொல்லாம இருந்திருக்காங்க. படிச்ச குடும்பம்னா அப்படித்தான்."

அப்புறம் நடந்ததைப் போல ஓர் ஆதரவு அவளுக்கு அவள் சொந்த நாட்டில்கூடக் கிடைத்திருக்காது. "அடி பெரியம்மா! விடாத!" என்று நெல் தூற்றுகிற கைகளெல்லாம் உயர்ந்தன. "இந்தக் குளுருல இம்புட்டுண்டு பாவாடயக் கட்டிக்கிட்டு ஓடுதே" என்று ஒரு அம்மாள் கண் கலங்கினாள். "ஒங்க பெரியப்பா மகா ஆளுதாங்க" என்று எதிர் வீட்டுக்காரர் என் முதுகில் தட்டினார். கட்டைப் பிரம்மச்சாரிக்கு அறுபதுக்கு மேல் இப்படி ஒரு பெயர்.

பெண் என் பக்கமாகக் காப்பியை வைத்தாள். "அவங்க ஏன் கைய ஒதறிக்கிட்டே இருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவை மறந்துவிட்டேன். காலிறுதி, முன்னிலை, கை நடுக்கம், வருஷா வருஷம் இதே கதை என்று அவளுடைய வரலாறு முழுவதையும் ஒப்பித்தேன். "இப்ப பாருங்க, ரெண்டையும் வெளில போடுவா" என்றேன். போட்டாள். பிறகு நான் சொன்ன வரிசை மாறாமல் சரிந்து, தோற்று, சிரித்த முகமாகக் கைகுலுக்கினாள். கூடம் சாவு வீடாகிவிட்டது.

"கல்யாண வேல தலைக்கு மேல கெடக்குறப்ப ஆட்டத்துல எப்படி மனசு போவும், பாவம்" என்றார் எதிர் வீட்டுக்காரர். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பத்திரிகையில் பெயரில்லாமல் "பெரியப்பா, பெரியம்மா, பிரான்ஸ்" என்று அச்சானது. வழக்கப்படி பெரியப்பாவுக்கும் ஒன்று அனுப்பினோம். "எனக்குக் கல்யாணம் ஆன விவரத்தை உங்கள் பத்திரிகை மூலம் அறிந்து மிகவும் சந்தோஷம். அவளை ஒருதரம் இங்கே அனுப்பிவைத்தால் நானும் பார்த்துக்கொள்வேன்" என்று பதில் போட்டிருந்தார். அத்தை அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டாள்.

கல்யாணத்தன்று அம்பகரத்தூரே பெரியம்மாவைத் தேடியது. பேச்சு வார்த்தை இல்லாத பங்காளியும் வந்து, முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "வெள்ளக்காரம்மா எங்க?" என்று சத்தமாகவே கேட்டார். தாலி இன்னும் தட்டில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. மாமா மேளத்தை நிறுத்தச் சொல்லி மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் ஒரு விஷயம். மாப்பிள்ளையோட பெரியம்மா வர்றதாத்தான் இருந்தாங்க. திடீர்னு செமி ஃபைனல் வந்துருச்சு. அதனால வர முடியல."

செமி ஃபைனலா! எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பெரியம்மா என்றீர்கள், பொறுத்தேன். பிரான்ஸ் என்றீர்கள், பொறுத்தேன். அவளுடைய ஆட்ட வாழ்க்கை முழுவதையும் வரிவரியாகப் படித்தவன் நான். அவள் எந்த ஊரில் எப்போது அரையிறுதிக்குப் போனாள்? மணவறையில் பாதி எழுந்துவிட்டேன். "மாமா, அவ ஒரு தடவகூட" என்று ஆரம்பித்தும்விட்டேன். பங்காளி காதைத் தீட்டினார். மாமாவின் துண்டு தோளில் அப்படியே நின்றது.

பட்டுப்புடவைக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் வேட்டியைப் பிடித்துக் கீழே இழுத்தது.

"ஒக்காருங்க" என்றாள் தலை நிமிராமல். "நம்ம கல்யாணத்துக்காவது அவங்க ஒரு ரவுண்டு தாண்டிட்டுப் போவட்டுமே."

உட்கார்ந்தேன். மேளம் கொட்டியது.

அதற்குப் பிறகும் அவள் சில வருஷம் ஆடினாள். காலிறுதி வரை போவாள், திரும்பி வருவாள். ஒவ்வொரு தடவையும் மாமனார் வீட்டில் துக்கம் விசாரித்தார்கள். கடைசியில் முழங்கால் தேய்ந்து ஆட்டத்தை விட்டுவிட்டாள் என்று பத்திரிகையில் ஓரமாக நாலு வரி வந்தது. மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தார்.

"முடக்கத்தான் தைலம். நம்ம வீட்டுல காச்சுனது. ராத்திரில சூடு பண்ணித் தேய்க்கச் சொல்லுங்க" என்றார். பங்காளி வாசலில் போய்க்கொண்டிருந்ததால் குரலை உயர்த்தினார்: "செமி ஃபைனல் வரைக்கும் ஆடுன காலு!"

நான் திருத்தவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.